ஐம்பத்து நான்கு பைட்டுகளுக்கு அப்பால்

கொட்டாஞ்சேனைக் கிளையை மூடிவிட்டு ஹெவ்லொக் டவுனுக்குப் போகிறோம். மாடிப்படிக்குக் கீழே நாம் இருந்த அறையை நேற்று நான்தான் காலி செய்தேன். அலுமாரியின் அடித்தட்டில், பழைய வயர்ச் சுருள்களுக்குப் பின்னால், அந்த நெட்வேர்க் ஹப் கிடந்தது. ஐந்து துளை, ஒரு மூலை பிளந்த சாம்பல்நிறப் பிளாஸ்டிக். ஒவ்வொரு துளைக்கு மேலும் வெள்ளை ஒட்டுத்தாளில் உமது சாய்ந்த கையெழுத்தில் இலக்கங்கள். நான்கை மட்டும் ஒன்பது மாதிரி எழுதுவீர். பெரிய சுவிட்ச்சிலும் அப்படித்தான் எழுதியிருந்தீர்; எத்தனை முறை அதில் பிழையாக வயர் செருகி உம்மிடம் பேச்சு வாங்கியிருப்பேன்.

குப்பைப் பெட்டிக்குள் போடப் போனேன். முடியவில்லை. கைப்பைக்குள் வைத்து வெள்ளவத்தையில் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து அது சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்து நான்கு முறை எழும்பிவிட்டேன். ஒரு முறை தேத்தண்ணி போட, ஒரு முறை யன்னலைத் திறக்க, ஒரு முறை அதையே மூட. நான்காவது முறை எதற்கு என்று தெரியவில்லை. உமக்குத்தான் என் குணம் தெரியுமே.

நீர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் வேலைக்கு வந்த முதல் நாள் மரியாதைக்கு "அக்கா" என்றேன். "அக்கா எண்டு கூப்பிட்டா நான் திரும்பியும் பார்க்கமாட்டன்" என்றீர். அன்றிலிருந்து இருவருக்கும் "நீர்"தான். மூன்று கிளைகள் உள்ள ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்குக் கணினிப் பகுதி என்று இருந்தது நாம் இரண்டு பேர். முதுகுக்கு முதுகு போட்டால்தான் இரண்டு கதிரை கொள்ளும் ஓர் அறை.

இந்த ஹப்பை நீர் புறக்கோட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் தேடிப்பிடித்த கதை எனக்கு மறக்காது. "இதை இப்ப ஒருத்தரும் வாங்கிறதில்லை, மிஸ்" என்று கடைக்காரர் சொன்னார். "அதுக்காகத்தான் வாங்கிறன்" என்றீர். புதிய சுவிட்ச்சுகள் ஒருவருக்கு வந்ததை அவருக்கு மட்டும் கொடுக்கும். ஹப் அப்படியில்லை, ஒரு வயரில் வருவதை மற்ற எல்லா வயருக்கும் சொல்லிவிடும். வெளியே போகும் வழியில் அதைச் செருகி, ஒரு பக்கத்தில் நம்முடைய மடிக்கணினியைத் தொடுத்தால், கட்டடத்திலிருந்து போகிற வருகிற அத்தனையும் நமக்குத் தெரியும்.

அது தேவைப்பட்ட காரணம் உமக்கு நினைவிருக்கும். அந்த மாதம் முழுவதும் காலை பத்து மணியானால் நெட்வேர்க் படுத்துவிடும். வெள்ளவத்தைக் கிளையின் ரிப்போர்ட்டுகள் வராது. சத்திரசிகிச்சைக்குத் தயாராக ஒருவரைப் படுக்கவைத்துவிட்டு, அவருடைய பொட்டாசியம் எவ்வளவு என்று ஆஸ்பத்திரி வார்டிலிருந்து மூன்று முறை போன் எடுத்தார்கள். கடைசியில் நீர்தான் வெள்ளவத்தையை அழைத்து, எண்ணை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டு, வார்டுக்கும் இரண்டு தரம் சொன்னீர். போனை வைத்தபோது உமது மேலுதட்டில் வியர்வை.

அன்று பின்னேரம் மனேஜர் நம்மை மேலே கூப்பிட்டார். அவரிடம் விடை தயாராக இருந்தது.

"அந்தப் புவனா புள்ளதான். நாள் முழுக்கப் போன்ல படம் பாக்குது, நம்ம வைஃபைல. அவ என்ன பாக்கிறா, யாரோட கதைக்கிறா எண்டு நீங்க ரெண்டு பேரும் எடுத்துத் தாங்க. மத்ததை நான் பாத்துக்கிறன்."

புவனா ஹற்றனிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கியிருந்தவள். ரிப்போர்ட் தட்டச்சு செய்பவள். வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. "மத்ததை" என்றால் என்ன என்று நம் இருவருக்கும் விளங்கியது.

நீர் கொஞ்சமும் குரலை உயர்த்தவில்லை. "ஆர் எவ்வளவு எடுக்கினம் எண்டு தாறம், சேர். என்ன கதைக்கினம் எண்டு தரமாட்டம்."

"ஏன், உங்களால ஏலாதா?"

"ஏலும். அதாலதான் மாட்டம்."

நான் உமது பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது வேலை முக்கியம். உண்மையைச் சொன்னால், புவனா என்ன பார்க்கிறாள் என்று அறியும் ஆசையும் உள்ளே இருந்தது.

மறுநாள் ஒன்பதரைக்கு ஹப்பைச் செருகினோம். கறுப்புத் திரையில் நீர் கட்டளையைத் தட்டினீர். டிசிபிடம்ப். வயரில் போகும் ஒவ்வொரு தகவல் பொதிக்கும் ஒரு வரி எழுதும்: எந்த இலக்கத்திலிருந்து, எந்த இலக்கத்துக்கு, எவ்வளவு. அதன் பின்னால் ஓர் இடைவெளி விட்டு "-s 54" என்று சேர்த்தீர். ஒவ்வொரு பொதியிலும் முதல் ஐம்பத்து நான்கு பைட்டை மட்டும் எடு, மிச்சத்தைத் தொடாதே என்று பொருள். "ஏன் ஐம்பத்து நாலு?" என்று கேட்டேன்.

"அவ்வளவுக்குள்ள விலாசம் முடிஞ்சிடும். அதுக்குப் பிறகு கடிதம் தொடங்கும். எங்களுக்கு உறை மட்டும் காணும்."

வரிகள் ஓடத் தொடங்கின. எனக்குக் கதிரையில் இருக்க முடியவில்லை. "காலை ஆட்டாதையும், மேசை நடுங்குது" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னீர். பத்து மணி தாண்டியதும் ஓட்டம் வெள்ளமாகியது. நிறுத்திவிட்டு எண்ணினோம். புவனாவின் கணினியுடைய இலக்கம் இருபத்து மூன்றில் முடிவது. அதிலிருந்து ஒன்றுமேயில்லை என்று சொல்லலாம். அவளுடைய போன் நம் வைஃபையில் இருக்கவே இல்லை. ஏறத்தாழ எல்லாமே நாற்பத்தேழில் முடியும் ஓர் இலக்கத்திலிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தது.

நாற்பத்தேழு யார்? நம்முடைய பட்டியலில் அப்படி ஒன்று இல்லை.

நான் சுவிட்ச்சுக்கு முன்னால் முழந்தாளில் நின்று ஒவ்வொரு வயராகக் கழற்றிச் செருகினேன். திரைக்கு முன்னாலிருந்து நீர் கத்தினீர்: "இல்லை... இல்லை... இதுவும் இல்லை... நிண்டுட்டுது! அதுதான், அதைப் பிடியும்!" அந்த வயரைச் சுவரோடு தடவிக்கொண்டு மேலே ஏறினோம். அது மனேஜரின் அறைக்குள் போய், அவருடைய அலுமாரிக்கு மேலிருந்த கமெரா ரெக்கோர்டரில் முடிந்தது. வீட்டிலிருந்தே வரவேற்பறையைப் பார்க்கவேண்டும் என்று அவர் வெளியாள் ஒருவரைப் பிடித்துச் செய்வித்திருக்கிறார். ஆறு கமெராவின் படமும் காலை பத்து மணி முதல் மாலை வரை அவருடைய வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் பார்க்காமலே.

"சரி, சரி, நிப்பாட்டுங்க அதை" என்றார்.

நான் திரும்பிவிட்டேன். நீர் வாசலில் நின்றீர். "புவனாவிட்ட நீங்களே சொல்லுங்கோ, சேர்."

பிழை அவளில் இல்லை என்று அவர் இறங்கி வந்து சொன்னார், கவுண்டரில் எல்லோரும் பார்க்க. தன்மேல்தான் சந்தேகம் என்று முன்பே கேள்விப்பட்டிருந்த புவனா, பிறகு நம் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அழுதாள். "நான் போனப் பையில வச்சிட்டுத்தான் மிஸ் வேல செய்வேன். வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு நெனச்சேன். அம்மாகிட்ட என்னா சொல்றதுன்னே தெரியல." நீர் அவளுக்கு உமது தேத்தண்ணியைக் கொடுத்தீர். மனேஜர் கேட்டதை நான் தனியாக இருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேனா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். இப்போதும் யோசிக்கிறேன்.

இதுவரை எழுதியது சுலபம். இனி எழுத வேண்டியதற்காகத்தான் இவ்வளவு நேரமும் எழும்பி எழும்பி நடந்தேன்.

அடுத்த வருடம் வேறொரு கோளாறு வந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அரை நிமிடம் நின்று யோசிக்கும். ஒரு பக்கத்துக்குப் போக முன் கணினி அதன் பெயரைச் சொல்லி விலாசம் கேட்கும் அல்லவா, அந்தக் கேள்விக்குப் பதில் வரத் தாமதமாகிறது என்று சந்தேகித்தேன். எந்தெந்தப் பெயர் சிக்குகிறது என்று பார்க்க வேண்டும். பெயர் உறையில் இருப்பதில்லை; உள்ளே இருப்பது. அதனால் அந்த ஐம்பத்து நான்கை எடுத்துவிட்டுக் கட்டளையை ஓடவிட்டேன். வேலைக்காகத்தான். அந்த முதல் நாளுக்கு என்னிடம் ஒளிக்க எதுவும் இல்லை.

மதிய நேரம். நீர் சாப்பிட வருவதை அப்போது நிறுத்தியிருந்தீர். "நீர் போய்ச் சாப்பிடும். எனக்கு வயிறு சரியில்லை." எனக்குப் பின்னால், முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ வாசித்துக்கொண்டிருந்தீர். என் திரையில் பெயர்கள் ஏறிப்போயின. ஒரு வங்கி, ஒரு பத்திரிகை, யாரோ பார்த்த சேலைக் கடை. பிறகு பன்னிரண்டில் முடியும் இலக்கத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக: சென்னையில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி. ஒரு மருந்தின் பெயரிலேயே உள்ள பக்கம். நோயாளிகளுக்கு உதவும் ஒரு நிதியம். பன்னிரண்டு உமது கணினி.

நாம் இரத்தம் பரிசோதிக்கிற இடம், இப்படியான பெயர்கள் வரத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொன்னேன். பின்னேரத்துக்குள் கோளாறையும் கண்டுபிடித்துவிட்டேன். ரவுட்டரில் பழைய, செத்துப்போன விலாசம் ஒன்று இருந்தது. மாற்றினேன். வேலை முடிந்தது. ஐம்பத்து நான்கைத் திரும்பப் போட்டிருக்க வேண்டும்.

மறுநாள் மதியம் கட்டளையைத் திரும்பத் தட்டினேன். இந்த முறை பன்னிரண்டை மட்டும் காட்டு என்று. இது வேலையில்லை. இதற்கு நான் எந்தப் பெயரும் சூட்டப்போவதில்லை. நான்கு நாட்கள், நான்கு மதியங்கள், உமது முதுகுக்கும் என் முதுகுக்கும் இடையில் இரண்டு அடிகூட இல்லாத அறையில், நீர் எங்கெங்கே போகிறீர் என்று பார்த்தேன். நான்காம் நாள், சூலகப் புற்றுநோய் வந்த பெண்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் ஒரு பக்கத்தில் நீர் முக்கால் மணித்தியாலம் நின்றீர். திரையை மூடினேன்.

கேட்டிருக்கலாம். "உமக்கு என்ன செய்யுது?" மூன்று சொல். ஆனால் கேட்டால், எப்படித் தெரியும் என்பீர். பொய் சொன்னால் என் முகம் காட்டிக்கொடுக்கும். அதனால் கேட்காமல் மற்றதெல்லாம் செய்தேன். செவ்விளநீர் வாங்கி வந்தேன். வெள்ளவத்தைக் கிளைக்கு ஓடுகிற வேலைகளை நானே எடுத்துக்கொண்டேன். பாரமான யூபிஎஸ்ஸை உம்மைத் தூக்க விடவில்லை. "என்ன இது, திடீரெண்டு கரிசனை?" என்றீர் ஒரு நாள். "சும்மா" என்றேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது நாளைக்குக் கேட்பேன் என்று ஒரு வசனத்தைச் சரிப்படுத்துவேன். பம்பலப்பிட்டி தாண்டும்போது அது உடைந்துபோகும். பதினொரு கிழமை, இரண்டரை மாதம், இப்படிப் போயிற்று.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. வெள்ளவத்தைக் கிளையில் வேலை முடிந்ததும் "கடற்கரைக்குப் போவம்" என்றீர். தண்டவாளத்தைக் கடந்து கற்களில் உட்கார்ந்தோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. நீர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னீர்.

"எனக்குக் கான்சர். சூலகத்தில. இனிக் கனக்க லீவு எடுக்க வேண்டி வரும். ஒஃபீஸில முதல் உமக்குத்தான் சொல்லுறன்."

"ஐயோ, என்ன சொல்லுறீர்?" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. ஒத்திகை பார்த்துப் பழகின குரல்.

நீர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர். பாணந்துறைப் பக்கம் போகிற கோச்சி ஒன்று நமக்குப் பின்னால் இரைந்துகொண்டு போனது. கடைசிப் பெட்டி போகும்வரை நீர் கண்ணை எடுக்கவில்லை.

"உமக்குத் தெரியும்" என்றீர்.

நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஐம்பத்து நாலை எடுத்தனீரோ?"

"ஓம்."

"அந்தப் பெயர்ப் பிரச்சினைக்கோ?"

"முதல் நாள் அதுக்குத்தான்."

"பிறகு?"

"பிறகு உம்மைப் பார்க்க. நாலு நாள்."

"எப்ப?"

"பதினொரு கிழமைக்கு முன்னம்."

நீர் செருப்பைப் போட்டீர். வார் மாட்டவில்லை, இரண்டு தரம் முயன்றீர். உதவக் கை நீட்டினேன், தட்டிவிட்டீர்.

"பார்த்ததுக்கும் கோபம்தான். அது சின்னக் கோபம், போயிடும். ஆனா பதினொரு கிழமை. ஒருத்தருக்கும் தெரியாது, நான் தனிய எண்டு நினைச்சுக்கொண்டு அந்த அறைக்குள்ள இருந்தனான். தெரிஞ்ச ஒரு ஆள் என்ர முதுகுக்குப் பின்னால இருந்திருக்கு. என்னைப் பார்க்க உமக்குத் துணிவு இருந்தது. திரும்பிக் கேட்கத்தான் இருக்கேல்ல."

எழும்பிப் போனீர். நானும் பின்னால் வந்தேன். காலி வீதியில் நீர் பஸ் ஏறும்வரை பத்தடி தள்ளி நின்றேன்.

இரண்டு கிழமை வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு சொல் இல்லை. மன்னிப்புக் கேட்டு மூன்று முறை எழுதி மூன்றையும் கிழித்தேன். அதன் பிறகு ஒரு காலை, என் விசைப்பலகை மேல் உமது கிளினிக் அட்டை இருந்தது. திரும்பாமலே சொன்னீர்: "செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு. அண்ணாவுக்கு வேலை. நீர் வாரும். வந்து பக்கத்தில இரும், காணும்."

வந்தேன். அந்த ஒரு செவ்வாய் மட்டுமல்ல, பத்தொன்பது செவ்வாய்கள். ஆஸ்பத்திரி வாங்குகளில் உட்கார்ந்து, உமது மருத்துவக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எண்ணைக் கூப்பிடும் தாதி சிங்களத்தில் உம்மை "நங்கி", தங்கச்சி, என்பார். அவர் உம்மைவிடப் பத்து வயது இளையவராக இருப்பார் என்று நீர் என் காதில் சிரிப்பீர். மருந்து ஏற்றும் நாட்களில் வாய் கசக்கிறது என்று புளித் தோடம்பழம் கேட்பீர். வாங்கி வந்தால் மணம் பிடிக்கவில்லை என்பீர். சண்டை பிடித்தோம். தலைமயிர் போனபோது தொப்பி வேண்டாம், சால்வைதான் என்று பிடிவாதம் பிடித்தீர். பதினாலாவது செவ்வாயோ பதினைந்தோ, நான் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: "என்னை மன்னிச்சிட்டீரோ?"

நீர் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர். "இன்னும் இல்லை" என்றீர். "மன்னிச்சா அண்டைக்குச் சொல்லுறன்."

சொல்லாமலே போய்விட்டீர்.

அது ஒரு மழைக்காலைப் பொழுது. உமது அண்ணா போன் எடுத்தபோது நான் வெள்ளவத்தைக் கிளையில் ஒரு பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையில் உமது வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உமக்கு ஒரு நீலச் சேலையை உடுத்தியிருந்தார்கள். அடக்கம் முடிந்து சேமக்காலையில் எல்லோரும் கலைந்த பிறகு உமது அண்ணாவிடம், ஒரு வெட்கமும் இல்லாமல், நீர் கடைசியாக ஏதும் சொன்னீரா என்று கேட்டேன். எனக்கென்று ஏதும் சொன்னீரா என்று கேட்கத் துணியவில்லை. "ஐஸ் வேணும் எண்டவ. கொஞ்சம் வாய்க்குள்ள வைச்சம். வேற ஒண்டும் கதைக்கேல்ல" என்றார். அவருடைய கண்கள் வீங்கியிருந்தன. அவரிடம் இன்னொன்று கேட்க எனக்கு உரிமை இருக்கவில்லை.

எனவே எனக்குத் தெரியாது. நீர் மறந்துவிட்டீரா, மன்னித்தும் சொல்ல நேரம் வரவில்லையா, அல்லது இறுதிவரை இல்லையா. சில நாட்களில் ஒன்றை நம்புகிறேன், சில நாட்களில் மற்றதை. பத்தொன்பது தரம் என்னைக் கூப்பிட்டீரே என்று ஒரு மனம் சொல்லும். வேறு ஆள் கிடைக்கவில்லை என்று மறு மனம் சொல்லும். இன்று காலை ஐந்தாவது முறையாகவும் எழும்பி யன்னலடிக்குப் போய் வந்துவிட்டேன்.

இப்போதும் நெட்வேர்க் படுக்கத்தான் செய்கிறது. இப்போதும் கட்டளையின் பின்னால் அந்த இலக்கத்தைப் போடுகிறேன். புது மனேஜரும் ஒரு முறை கேட்டுப் பார்த்தார், ஏலும் ஆனால் மாட்டோம் என்று சொல்லிவிட்டேன். அதெல்லாம் விரல்களுக்குப் பழகிவிட்டது. மற்றதுதான் கடினம்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். கிளைகளுக்கு இடையில் இரத்த மாதிரிப் பெட்டிகளை வேனில் கொண்டுபோகும் சமன் அய்யேயை உமக்குத் தெரியாது. நீர் போன பிறகு வந்தவர். மூன்று நாட்களாக மதியம் வேனை வீதியின் மறுபக்கம் நிறுத்திவிட்டு, சோற்றுப் பார்சலைத் திறக்காமல் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மற்றவர்களும் கண்டிருப்பார்கள். முதல் நாள் நான் படியில் நின்று பார்த்தேன். இரண்டாம் நாளும் பார்த்தேன். மூன்றாம் நாள் வீதியைக் கடந்து போய், மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன்.

"மொகத உனே, அய்யே?" என்று கேட்டேன். என்ன நடந்தது, அண்ணா?

"முக்குத் நே, மிஸ்." ஒன்றுமில்லை என்றார், என் பக்கம் திரும்பாமல்.

இவ்வளவுதான், கேட்டாயிற்று, இறங்கிப் போய்விடலாம் என்று தோன்றியது. கதவை உள்ளே இழுத்துச் சாத்திக்கொண்டு இருந்தேன். அவர் கதைக்கத் தொடங்க வெகுநேரம் எடுத்தது. அதுவரை நான் இறங்கவில்லை.